சக்களத்தி முல்லை

அந்தப் பூவை எங்கள் வீட்டில் சக்களத்தி முல்லை என்பார்கள். கச்சிராயபாளையத்துக்கு வெளியே அந்தப் பெயரைச் சொல்லி இதுவரை ஒருவருக்கும் நான் புரியவைத்ததில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அம்மாளிடம் ஒருமுறை விசாரித்தேன். "அந்த மாதிரி பூவெல்லாம் நாங்க விக்கறதில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கேட்டது பூவைப் பற்றித்தான் என்பதையே அவள் நம்பவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலின் கரையில், கரும்புக் கொல்லைக்குப் போட்ட முள்வேலி முழுக்க அந்தக் கொடி படர்ந்திருக்கும். ஆவணி மழை இரண்டு விழுந்தால் போதும், வேலியே வெள்ளையாகிவிடும். மொட்டு முல்லை மொட்டுப் போலவே நீண்டு, நுனியில் லேசாகச் சிவந்திருக்கும். இலையும் முல்லை இலைதான் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். முகர்ந்து பார்த்தால் மட்டும் ஒன்றும் இருக்காது. பச்சைத் தண்ணீரை முகர்ந்த மாதிரி இருக்கும்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. ஒரு சாயங்காலம் அந்தப் பூவை மடி நிறையப் பறித்து வந்து, வாழைநாரில் எனக்குத் தெரிந்த வரைக்கும் கட்டி, அம்மாவின் தலையில் வைக்கப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து தலையைக் கொடுத்தாள். வைத்த கையை நான் எடுப்பதற்குள் அத்தை உள்ளே வந்தாள். அத்தை, அப்பாவுக்கு மூத்தவள். கணவர் இறந்த பிறகு எங்களோடு வந்து தங்கியவள். வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதை அவள்தான் தீர்மானிப்பாள்.

"அத்த எடுத்துக் கடாசு. அது சக்களத்தி முல்ல. தலையில வெச்சா குடும்பத்துக்கு ஆவாது."

"கொழந்த ஆசையா கட்டிக்கினு வந்திருக்குது. இருந்துட்டுப் போவட்டும் அண்ணி."

"உன் இஷ்டம். உனக்குத் தெரியாததா?" என்றாள் அத்தை.

அம்மா கொஞ்ச நேரம் புடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாகவே அந்தச் சரத்தை எடுத்து அம்மியின்மேல் வைத்தாள்.

எனக்குப் பூ போனதைவிடப் பெயர் கிடைத்தது பெரிதாக இருந்தது. சக்களத்தி என்றால் என்ன என்று அத்தையிடம் கேட்டேன். அத்தை பதிலை எனக்குச் சொன்னாள், பார்வை மட்டும் அம்மாவின்மேல் இருந்தது.

"அதே மாதிரியே இருக்கும். ஆனா அது இல்ல. அவ்ளோதான்."

அத்தை சொன்னது தப்பில்லை. ஒரு செடியைப் போலவே இருந்து அதுவாக இல்லாத இன்னொரு செடிக்கு அந்தச் சொல்லை முன்னால் ஒட்டுவது பழைய வழக்கம் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். அது பாதி அர்த்தம். மீதிப் பாதியை எனக்குச் சொல்வார் யாருமில்லை. நானோ கிடைத்த பாதியை வைத்துக்கொண்டு ஊரையே அளக்கக் கிளம்பினேன்.

திருவிழாக் கடையில் வாங்கிய கில்ட்டுக் கம்மல் எனக்குச் சக்களத்திக் கம்மலானது. பவுடர் கரைத்த பால் சக்களத்திப் பால். தம்பிக்கு வாங்கிய பிளாஸ்டிக் வாழைப்பழம் சக்களத்தி வாழைப்பழம். எங்கள் டீச்சர் பிரசவ லீவில் போனபோது அவருக்குப் பதிலாக வந்தவரைச் சக்களத்தி டீச்சர் என்று வகுப்பில் சொன்னேன். வகுப்பு புரியாமல் சிரித்தது. அந்த டீச்சருக்கு மட்டும் புரிந்தது. காதைப் பிடித்துத் திருகி, "உங்க வூட்ல இப்பிடித்தான் பேசிக்குவாங்களா?" என்று கேட்டார். ஆமாம் டீச்சர் என்றேன். அர்த்தத்தை அவரும் சொல்லவில்லை. இனிமேல் சொல்லக் கூடாது என்று மட்டும் சொன்னார். ஒரு சொல்லைக் குழந்தை மறக்காமலிருக்க வேறென்ன வேண்டும்?

அப்பாவிடம் ஒரு மினி லாரி இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி, கடுக்காய், பலா என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு கீழே வருவார். கரியாலூர்ப் பக்கம் போனால் ஒரு நாளில் திரும்ப வேண்டியவர் இரண்டு மூன்று நாள் தங்கிவிடுவார். செல்போன் எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த காலம். மலைமேல் டவர் கிடைக்காது. கிடைக்காத டவர் அப்பாவுக்கு எவ்வளவு உதவியாக இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர் வந்ததும் அம்மா கேட்பாள், அவர் லோடு கிடைக்கவில்லை என்பார், வண்டி மக்கர் என்பார். அம்மா மறுபடி கேட்பாள். அப்புறம் தட்டு பறக்கும். நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போய்விடுவேன்.

காலாண்டுப் பரீட்சை லீவில் ஒரு நாள் காலை, அப்பா லாரியில் தார்ப்பாய் மடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா என் தலையை வாரி, நல்ல கவுனைப் போட்டுவிட்டு, கையைப் பிடித்து அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இவளையும் கூட்டிக்கினு போங்க. அருவி பாக்கணும்னு சொல்லிக்கினே இருக்கா."

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

"மேல குளிரு ஜாஸ்தி. பாப்பாவுக்கு ஒத்துக்காது."

"அங்க இருக்கற புள்ளைங்களுக்கு ஒத்துக்குது இல்ல?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏறு பாப்பா" என்றார். அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அணையைத் தாண்டி வண்டி மலை ஏறியது. வளைவுக்கு வளைவு காது அடைத்தது. அப்பா வழக்கமாகப் பாடிக்கொண்டே ஓட்டுவார். அன்று பாடவில்லை. நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, எனக்குக் கொய்யாப்பழம் வாங்கித் தந்தார். அதை நான் தின்று முடிக்கும்வரை வண்டியை எடுக்காமல் கீழே தெரிந்த சமவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

கரியாலூர்க் கடைத்தெருவில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். "எறங்காத. எடை போட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கிக் கொல்லைப் பக்கம் போனார்.

அவர் தலை மறைந்து கொஞ்ச நேரத்தில் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் ஓடிவந்து, படியில் கால் வைத்து ஏறிக் கதவை எக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். இடுப்பில் குடம் வைத்திருந்த இடம் நனைந்து ஈரம் சொட்டியது. குடத்தை எங்கோ போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள். அப்பா உட்காரும் இடத்தை முதலில் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா எங்க?"

என் அப்பாவைக் கேட்கிறாள் என்று நினைத்து, "எடை போடப் போயிருக்காரு" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் நான் பார்க்கிற முகம் கொஞ்சம் நீளமாகி, கொஞ்சம் கறுத்து, எதிரே நின்றது. புருவம் நடுவில் சேர்வதும், மேல்பல் ஒன்று துருத்துவதும் அப்படியே. எனக்குப் பயமாக இல்லை, சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள்.

"பசிக்குதா? வூடு இங்கதான். வா" என்று கையை நீட்டினாள். அப்பா இறங்காதே என்று சொன்னது அப்போது எனக்கு நினைவில்லை.

ஓட்டு வீடு. வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. கோழியை விரட்டக் கையில் குச்சியோடு உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். என் பெயரையோ ஊரையோ கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. குச்சியைக் கீழே போட்டுவிட்டு, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் காலில் ஊற்றிக் கழுவிவிட்டாள். யாரும் என் காலைக் கழுவிவிட்டது அதற்கு முன்னால் இல்லை.

"இன்னா சாப்புடுவ? சாமச் சோறு துன்னுவியா?"

தின்றேன். கீரைக் குழம்பு ஊற்றி, இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் பிசைந்து வைத்தாள். அந்தப் பெண் ஆறாவது படிப்பதாகச் சொன்னாள். ஏழாவது படிக்க மலையிலிருந்து கீழே போய் ஹாஸ்டலில் சேரப் போவதாகவும், அப்பா சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். மலைமேல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓர் அப்பா இருப்பார்தானே என்று நானும் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்ட பிறகு அந்தம்மா எங்களை ஒருவர் பின்னால் ஒருவராக உட்காரவைத்து, விளக்கெண்ணெய் தடவித் தலை வாரினாள். அம்மா காலையில் வாரிய தலை வண்டிக் காற்றில் கலைந்து கிடந்தது. என் உச்சந்தலையில் இரண்டு சுழி. அப்பாவுக்கும் உண்டு. சீப்பு அங்கே வந்ததும் ஒருமுறை நின்றது. முன்னால் உட்கார்ந்திருந்தவளின் தலையைப் பார்த்தேன். அங்கேயும் இரண்டு சுழி.

இவ்வளவு பெரிய ஒற்றுமைக்கு என்னிடம் ஒரு சொல் தயாராக இருந்தது. அதைச் சொல்லாமல் எப்படி இருப்பேன்?

"அக்கா, நீ அப்பிடியே என்ன மாதிரியே இருக்கற. நீ சக்களத்தி நானு!"

சீப்பு நின்றுவிட்டது.

"இன்னா சொன்ன?" என்றாள் அந்தம்மா. குரல் உயரவில்லை.

அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று விளக்கமாகச் சொன்னேன். வேலியில் இருக்கும் முல்லையைப் பற்றியும், பார்த்தால் ஒரே மாதிரி இருப்பதைப் பற்றியும், வாசனை இல்லாததைப் பற்றியும், தலையில் வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பதையும் சொன்னேன்.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"அத்த."

"உங்க அம்மாவும் கேட்டுக்கினு இருந்தாங்களா?"

"ம்."

அந்தம்மா பின்னலை இழுத்து முடிந்தாள். வலிக்கவில்லை. கொஞ்ச நேரம் என் தலைமேல் கையை வைத்தபடி இருந்தாள்.

"எது எதுக்கு முன்னாடி மொளச்சிதுன்னு பாத்துட்டுத்தான் அப்பிடிப் பேரு வெக்கணும் கண்ணு" என்றாள்.

எனக்கு அது செடியைப் பற்றிய பேச்சாகத்தான் பட்டது. ஊருக்குப் போனதும் வேலியில் எது முதலில் முளைத்தது என்று பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா ஓடிவந்தார். வண்டியில் என்னைக் காணாமல் தேடி, வாசலில் மூச்சு வாங்க நின்றார்.

"சாப்ட்டாங்க. ரெண்டு பேரும் ஒண்ணாதான் சாப்ட்டாங்க" என்றாள் அந்தம்மா. "நீ உள்ள வராத. பொழுது சாயறதுக்குள்ள புள்ளையக் கூட்டிக்கினு எறங்கு."

அத்தையைத் தவிர வேறொரு பெண் அப்பாவை நீ என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா ஒருநாளும் வாங்க போங்க என்பதைத் தாண்டியதில்லை. அப்பாவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அவர் தலை குனிந்துகொண்டார். அந்தப் பெண் மட்டும் லாரி வரைக்கும் கூடவே வந்து, வண்டி திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அருவியைப் பார்க்கவில்லை. இறங்கும் வழியில், அணை தெரிந்த பிறகு, அப்பா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அம்மா கேட்டா டீக்கடையில சாப்ட்டேன்னு சொல்லு."

சரி என்றேன். அப்படியே சொல்லவும் இருந்தேன். ஆனால் அம்மா எங்கே சாப்பிட்டாய் என்று கேட்கவே இல்லை. அப்பா கைகால் கழுவக் கிணற்றடிக்குப் போனதும் என்னைக் கிட்டே இழுத்து, பின்னலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

"யாரு தல வாரி வுட்டது?"

இதற்கு அப்பா பதில் சொல்லித் தரவில்லை.

"ஒரு அக்கா வூட்ல. அவங்க அம்மா. அந்தக்கா அப்பிடியே என்ன மாதிரியே இருந்தாங்கம்மா."

அம்மா அதற்கு அதிரவில்லை. எதிர்பார்த்த ஒன்று வந்து சேர்ந்ததுபோல மெதுவாகத் தலையை ஆட்டினாள். பிறகுதான் அக்கா என்ற சொல் அவள் காதில் விழுந்தது.

"இன்னாத்துக்கு அக்கான்ற? உன்னவிடச் சின்னவளா இருப்பா. தங்கச்சின்னு சொல்லு."

"இல்லம்மா, பெரியவங்க. ஆறாவது படிக்கறாங்க."

"இல்ல. சின்னவதான். நல்லா யோசிச்சிச் சொல்லு."

"பெரியவங்கம்மா. எவ்ளோ ஒசரம் தெரியுமா!"

"காட்டு."

கதவோரம் போய் நின்று, என் தலைக்கு மேலே கையை வைத்துக் காட்டினேன். அந்த அக்காவை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனால் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடவே உயர்த்திக் காட்டினேன். அம்மா என் கை இருந்த இடத்தையே பார்த்தாள். நான் கையை இறக்கிய பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான்காவது படிக்கிறவளைவிட ஆறாவது படிக்கிறவள் உயரமாக இருப்பதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மலையில் யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்பது அம்மாவுக்குத் தெரிந்தேயிருந்தது. தம்பியின் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த மாதங்களில் ஏற்பட்ட பழக்கம் அது என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். தான் போயிருக்கக் கூடாது என்று தன்னையே நொந்துகொள்வாள். ஆனால் அப்பா மலைக்கோயிலில் அந்தம்மாவுக்குத் தாலி கட்டிய பிறகுதான், அந்தத் தாலி செல்லாது என்று சொல்லி அவரைக் கீழே இழுத்துவந்து எங்கள் அம்மாவைக் கட்டிவைத்திருக்கிறார்கள். முன்னால் நின்று நடத்தியவள் அத்தை. அதை அத்தையே பின்னொரு நாள், படுக்கையில் கிடந்தபோது என்னிடம் சொன்னாள். மலைக்காரியை வீட்டுக்குள் எப்படி விடுவது என்று அப்போதும் கேட்டாள். அந்தக் கொடிக்கு அவள் சொன்ன பெயர் ஊர் வைத்ததா, அம்மாவின் காதில் விழுவதற்காக அவளே வைத்ததா என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சண்டை நின்றுபோனது. அப்பா மலைக்குக் கிளம்பினால் எப்போது வருவீர்கள் என்று அம்மா கேட்பதில்லை. வந்தால் ஏன் இத்தனை நாள் என்றும் கேட்பதில்லை. தட்டு வைப்பாள், சோறு போடுவாள், தள்ளி உட்கார்ந்துகொள்வாள். அப்பாதான் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார். நான் மலைக்குப் போய்வந்த ராசி என்று மனசுக்குள் பெருமையாக இருந்தது.

தீபாவளிக்கு அம்மா கள்ளக்குறிச்சியில் பச்சையில் மாங்காய்க் கரை போட்ட பாவாடைத் துணி எடுத்துவந்தாள். டெய்லர் என்னை நிறுத்தி அளவெடுத்து முடித்ததும், "இதே துணியில இன்னொண்ணு தெச்சிடுங்க. இவ அளவுக்கு மேல இவ்ளோ ஜாஸ்தி" என்று கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்துக் காட்டினாள்.

"வளர்ற புள்ள. அடுத்த வருசத்துக்கு ஆவும்" என்றார் டெய்லர்.

"ஆமாங்க" என்றாள் அம்மா.

நான் டெய்லரை நம்பினேன். அடுத்த வருஷத்துப் பாவாடையை இந்த வருஷமே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். தீபாவளி அன்று காலை என் பாவாடையைக் கட்டிக்கொண்டதும் பீரோவைத் திறந்து தேடினேன். துணிப்பெட்டியைக் கவிழ்த்தேன். எங்கும் இல்லை. அதற்கு முந்தின வாரம் அப்பா மலைக்குக் கிளம்பியபோது அம்மா ஒரு மஞ்சள் பையைக் கொண்டுபோய் லாரி சீட்டின்மேல் வைத்ததைப் பார்த்திருந்தேன். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அம்மா அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரிய பாவாட எங்கம்மா?"

"அது உனக்கு இல்ல. மூத்தவளுக்கு."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. எனக்குக் கீழே தம்பி. எங்கள் வீட்டில் மூத்தவள் வேறு யார்?

"நான்தாம்மா மூத்தவ!" என்று கத்தினேன். அம்மா திரும்பவில்லை. புதுப் பாவாடை அழுக்காகத் தரையில் புரண்டு, "நான்தாம்மா மூத்தவ, நான்தாம்மா மூத்தவ" என்று தொண்டை கட்டும்வரை அழுதேன். அத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். வாசலில் அப்பா தம்பிக்கு மத்தாப்பு கொளுத்திக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

கடைசியில் அம்மா வாணலியை இறக்கி வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"சரிடி. அழாத. இந்த வூட்டுல நீதான் மூத்தவ" என்றாள்.

அவள் ஒப்புக்கொண்டதே எனக்குப் போதுமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் வெடி வெடிக்க ஓடினேன்.